தெரபிஸ்ட்டிடமும் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொல்கிறேன்

கேள்வி:

எனக்கு 36 வயது. பதினோரு வருடத் திருமண வாழ்க்கையை விட்டு வெளியே வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. குழந்தைகள் இல்லை. அவர் என்னை ஒரு தடவைகூட அடித்ததில்லை. அதனாலேயே நடந்ததை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. நாலு பேர் முன்னால் என்னைக் கேலி செய்வார். அப்புறம் தனியாகக் கேட்டால், “நான் அப்படிச் சொல்லவே இல்லை, உனக்கு எப்பவும் கற்பனை” என்பார். கோபம் வந்தால் பத்து நாள்கூடப் பேச மாட்டார். என்ன தப்பு என்றும் சொல்ல மாட்டார். எதற்கென்றே தெரியாமல் நான் மன்னிப்புக் கேட்டால்தான் அது முடியும். கடைசி வருடங்களில் என் ஞாபகத்தையே நான் நம்பவில்லை.

நான்கு மாதமாக வாரம் ஒரு முறை தெரபிக்குப் போகிறேன். முதலில் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இப்போது முன்னைவிட மோசம். கெட்ட கனவுகள் வருகின்றன. ஆபீஸ் கழிவறையில் போய் அழுகிறேன். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறேன். அந்தப் பதினோரு வருடத்தில் நான் அழுததே குறைவு. தெரபிஸ்ட் நல்லவர், ரொம்ப அக்கறையாகப் பேசுகிறார். அவர் மனம் நோகக் கூடாதே என்று “இந்த வாரம் நல்லா இருந்தேன்” என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார். எனக்குப் பதிலே வரவில்லை.

“அடிக்காத மனுஷன். இதுக்குப் போய்த் தெரபியா? கிளறிக்கிட்டே இருந்தா எப்படி மறக்கும்?” என்கிறாள் அக்கா. கணவரிடமிருந்து எப்போதாவது “எப்படி இருக்கே?” என்று மெசேஜ் வருகிறது. கை நடுங்குகிறது, கூடவே சந்தோஷமாகவும் இருக்கிறது. அதை நினைத்தால் என்மேலேயே வெறுப்பு வருகிறது. எனக்கு நடந்தது வன்முறைதானா? தெரபியை நிறுத்திவிடலாமா? நான் பழையபடி ஆவேனா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில் நிற்க வேண்டியிருக்கிறது. தெரபிஸ்ட்டின் மனம் நோகக் கூடாதே என்று “நல்லா இருந்தேன்” என்று சொல்லிவிடுகிறேன் என்கிறீர்களே, கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

பதினோரு வருடமாக எதிரில் இருப்பவரின் முகத்தைப் படித்து, அதற்கு ஏற்றபடி பேசி, அன்றைய பொழுதைப் பிரச்சினை இல்லாமல் கடத்தியவர் நீங்கள். கதவு திறக்கிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு எப்படிப்பட்ட மாலை என்று கணித்திருப்பீர்கள். ஆபத்து வந்தால் மனிதர்கள் எதிர்த்து நிற்பார்கள், ஓடுவார்கள், அல்லது உறைந்துபோவார்கள் என்று மூன்றைச் சொல்வது வழக்கம். நாலாவதாக ஒன்று உண்டு. எதிரில் இருப்பவரைச் சமாதானப்படுத்தியே தப்பிப்பது. எதிர்க்கவும் வழியில்லை, ஓடவும் இடமில்லை என்கிற நிலையில் உடம்பும் மனசும் சேர்ந்து கண்டுபிடிக்கிற வழி அது. அதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களை அத்தனை வருடம் காப்பாற்றியது அந்தத் திறமைதான். சிக்கல் என்னவென்றால், வீட்டை விட்டு வந்த பிறகும் அது வேலையை நிறுத்தவில்லை. உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரையும் இப்போது நீங்களே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதனால் நடைமுறையில் ஒரு கெடுதல் நடக்கிறது. நீங்கள் தேறி வருவதாக உங்கள் தெரபிஸ்ட் நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த நம்பிக்கையில் அவர் அடுத்த அடுத்த விஷயங்களைத் தொடுகிறார். நீங்களோ வீட்டுக்குப் போய்க் கனவில் அலறி எழுந்திருக்கிறீர்கள். அவர் கையில் இருக்கும் தகவலே தப்பு என்னும்போது அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரியான வேகத்தை வைக்க முடியாது. ஆகவே தெரபி உங்களுக்கு வேலை செய்கிறதா இல்லையா என்று இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது. உள்ளே போய்க்கொண்டிருப்பது நீங்கள் பாதி, உங்கள் மரியாதை பாதி.

அடுத்த செஷனில் உட்கார்ந்ததும், அவர் “வாரம் எப்படி இருந்தது?” என்று கேட்பதற்கு முன்பே இப்படிச் சொல்லுங்கள்: “சில வாரங்களாக நான் உங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. நீங்கள் வருத்தப்படுவீர்களோ என்று பயமாக இருந்தது. எனக்கு முன்னைவிட மோசமாக இருக்கிறது.” வாய் வரவில்லையா? எனக்கு எழுதிய கடிதத்தை அப்படியே பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுங்கள். முகம் தெரியாத எனக்கு இவ்வளவு தெளிவாக எழுத முடிந்திருக்கிறது. அது அவருக்குப் போய்ச் சேர வேண்டிய கடிதம்.

அவர் தன் தொழில் தெரிந்தவராக இருந்தால் இதைக் கேட்டு நொந்துபோக மாட்டார். உள்ளுக்குள் நிம்மதிதான் அடைவார். “என்னிடம் இதைச் சொல்ல எது தடுத்தது?” என்று ஆர்வமாகக் கேட்பார். அன்றைக்குத்தான் உங்கள் தெரபி நிஜமாகத் தொடங்கும் என்றுகூடச் சொல்வேன். ஏனென்றால் ஒருவரிடம் பிடிக்காத ஒன்றைச் சொல்லியும், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், பத்து நாள் பேசாமல் இருந்து தண்டிக்காமல், அடுத்த வாரமும் அதே நேரத்துக்குக் கதவைத் திறந்தார் என்ற அனுபவம் உங்களுக்கு வெகு காலமாகக் கிடைக்கவில்லை. எந்த அறிவுரையும் அந்த இடத்தை நிரப்பாது. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-ல் தெரபி உறவை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, எப்படிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் நடுவில் உள்ள பிணைப்பு. உங்களுக்கு மூன்றாவது மட்டும்தான் இப்போது இருக்கிறது. முதல் இரண்டைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை.

சரி, இது வன்முறைதானா என்ற கேள்வி.

ஒரு பக்கக் கடிதத்தை வைத்து, நான் பார்த்தே இராத ஒரு மனிதரைப் பற்றித் தீர்ப்பு எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் விவரிக்கிற நடத்தைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதைப் பற்றிப் பேசலாம். எல்லா வீட்டிலும் சண்டை வரும். கோபத்தில் சொல்லக்கூடாததைச் சொல்வதும் நடக்கும். நான் பார்ப்பது வேறு. நீங்கள் மாறுபட்டுப் பேசினால் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்ததா? அந்த விலையை எப்போதும் ஒரே ஆள்தான் கொடுத்தாரா? வருடங்கள் போகப் போக ஒருவருடைய உலகம் சுருங்கிக்கொண்டே வந்ததா? சண்டை முடிந்த பிறகு நடந்ததைப் பற்றி இருவரும் பேச முடிந்ததா, இல்லை நடக்கவே இல்லை என்று முடிந்ததா? காரணம் சொல்லாத மௌனம், பொது இடத்துக் கேலி, பிறகு மறுப்பு, கடைசியில் உங்கள் மன்னிப்பு என்று நீங்கள் எழுதியிருப்பது திரும்பத் திரும்ப வந்த ஒரே வட்டம். இதை மனரீதியான வன்முறை என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

‘அடித்தால்தான் வன்முறை’ என்பதைச் சட்டங்களே கைவிட்டுவிட்டன. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லாலும் உணர்வு ரீதியாகவும் வதைப்பதைத் தனியாகவே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நெருங்கிய உறவில் ஒருவரைத் தொடர்ந்து அடக்கி ஆள்வதும் கட்டுப்படுத்துவதும் 2015 முதல் ஐந்து வருடம் வரை சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். உங்களை வழக்குப் போடச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அக்காவின் கேள்வி உங்கள் கேள்வியாகவும் மாறிவிட்டதே, அதற்காக.

இதில் மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாகப் போவது “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்பதுதான். திட்டு வாங்கியவருக்குக் கோபமாவது மிஞ்சும். நடந்ததையே இல்லை என்று கேட்டுக்கேட்டுப் பழகியவருக்கு அதுவும் மிஞ்சாது, ஏனென்றால் எதன் மேல் கோபப்படுவது என்பதே நிச்சயமில்லை. தன் கண்ணையும் காதையும் நம்பாமல், எதிரில் இருப்பவரிடம் கேட்டுத்தான் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை வந்துவிடுகிறது. இன்று என்னிடம் “எனக்கு நடந்தது வன்முறைதானா?” என்று கேட்பதிலும் அதன் சாயல் இருக்கிறது, கவனித்தீர்களா? நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் நாளைக்கு வேறு ஒருவர் இல்லை என்று சொன்னால் ஆட்டம் காணாமல் இருக்க வேண்டும். நல்ல தெரபிஸ்ட் சட்டென்று தீர்ப்புச் சொல்லாமல் “உங்களுக்கு அப்போது என்ன தோன்றியது?” என்று கேட்டுக்கொண்டே இருப்பதன் காரணம் இதுதான். சில சமயம் அது எரிச்சலாகக்கூட இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

“உங்களுக்கு என்ன வேண்டும்?” என்ற கேள்விக்குப் பதில் வராததும் இதே ஊற்றிலிருந்துதான். அந்த வீட்டில் உங்களுக்கு ஒன்று வேண்டும் என்று வெளியே தெரிவதே ஆபத்து. அவர் அதை மறுக்கலாம், கேலி செய்யலாம், தண்டனையாகப் பிடுங்கிக்கொள்ளலாம். ஆகவே அதை ஒளித்து வைத்தீர்கள், கொஞ்ச நாளில் ஒளித்த இடம் உங்களுக்கே மறந்துவிட்டது. பெரிய விருப்பங்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். இந்த நாற்காலியா அந்த நாற்காலியா, ஜன்னல் திறந்திருக்கட்டுமா வேண்டாமா, இன்றைக்குக் கனமான விஷயம் பேசலாமா லேசாக இருக்கலாமா என்ற அளவில் தொடங்கலாம். இந்த அளவில் கேட்கச் சொல்லி உங்கள் தெரபிஸ்ட்டிடமே சொல்லுங்கள். “தெரியவில்லை” என்பதும் பதில்தான், அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

அடுத்து, தெரபிக்குப் போய் ஏன் மோசமானது?

மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போயிருக்கும் வரை வலிக்காது. எழுந்து நின்று ரத்தம் ஓட ஆரம்பித்ததும்தான் ஊசியாகக் குத்தும். பதினோரு வருடம் அதிகம் அழாமல் இருந்ததை நீங்கள் ஆரோக்கியத்தின் கணக்கில் வைக்கிறீர்கள். நான் அதை மரத்துப்போனதன் கணக்கில் வைக்கிறேன். ஆபத்து நடுவில் இருக்கும்போது உணர்வுகளைக் குறைத்துக்கொள்வது மனசின் சிக்கன நடவடிக்கை. வெளியே வந்து, ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார் என்று ஆன பிறகுதான் அவை வருகின்றன, மொத்தமாக வருகின்றன. முக்கியமாக அந்த எரிச்சலும் கோபமும். அதைப் பின்னடைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘இது எனக்கு நடந்திருக்கக் கூடாது’ என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்லத் தொடங்கியிருக்கிறது. இப்போதைக்கு அது தப்பான ஆட்கள் மேல் விழுகிறது, அவ்வளவுதான்.

அதற்காக, ‘மோசமாகிறது என்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே ஆட்களை நோகடிக்கிற தெரபியும் உண்டு. ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992-ல் இந்த வகைக் காயங்களிலிருந்து மீள்வதை மூன்று கட்டமாக விவரித்தார். முதலில் பாதுகாப்பு. பிறகு நடந்ததை நினைவுகூர்ந்து துக்கப்படுவது. கடைசியில் மறுபடி வாழ்க்கையோடும் மனிதர்களோடும் இணைவது. முன்னும் பின்னும் போய் வருவார்கள், ஒரே நேர்கோட்டில் நடக்காது என்றும் அவரே சொல்கிறார். ஆனால் முதல் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிட்டால் இரண்டாவது கட்டம் மனிதரை உலுக்கிவிடும். உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது இதுதான்: உங்கள் கணவருடைய மெசேஜ் இன்னமும் உங்கள் போனில் வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கை நடுங்குகிறது. பாதுகாப்பு இன்னும் முழுசாக வரவில்லை, அதற்குள் நினைவுகளைத் திறந்திருக்கிறீர்கள். கொஞ்ச வாரங்களுக்குப் பழையதைத் தோண்டுவதை நிறுத்திவைத்து, தூக்கம், கனவு, அந்த மெசேஜ்கள் ஆகியவற்றில் மட்டும் வேலை செய்யலாமா என்று கேளுங்கள். இது பின்வாங்குவது அல்ல. இந்தத் துறையில் இருப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

தாங்கக்கூடிய வலியா, கெடுதலா என்று நீங்களே பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. செஷன் முடிந்து ஒரு நாள், இரண்டு நாள் கலங்கியிருந்து அப்புறம் அடங்குகிறதா? அப்படியென்றால் சரி. வாரக்கணக்கில் அடங்காமல், தூக்கம், சாப்பாடு, வேலை என்று ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டே போகிறதா? அது சரியில்லை, வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். இன்னொன்று, செஷன் எப்படி முடிகிறது? கடைசி நிமிடம் வரை கொட்ட வைத்துவிட்டு, “நேரம் ஆகிவிட்டது, அடுத்த வாரம் பார்ப்போம்” என்று அனுப்புகிறாரா? கடைசிப் பத்து நிமிடம் உங்களை நிதானத்துக்குக் கொண்டுவருவதற்கு என்று ஒதுக்கச் சொல்லுங்கள். கேட்கலாமா என்று யோசிக்காதீர்கள், அது உங்கள் நேரம்.

தெரபிஸ்ட்டையே மாற்ற வேண்டிய நிலைமைகளும் உண்டு. நடந்ததில் “உங்கள் பங்கு என்ன?” என்று வதையைப் பாதிப் பாதியாகப் பிரிக்கிறவர், சீக்கிரம் மன்னித்துவிடச் சொல்லி நெருக்குகிறவர், தன் சொந்தக் கதையைச் சொல்லி உங்களையே ஆறுதல் சொல்ல வைப்பவர், கேள்வி கேட்டால் கோபப்படுகிறவர், செஷனுக்கு வெளியே நட்பு அல்லது வேறு உறவு தேடுகிறவர், இவர்களிடமிருந்து விலகுங்கள். காரணம் சொல்லிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. கணவரையும் அழைத்து வந்து சேர்ந்து பேசலாம் என்ற யோசனை யாரிடமிருந்து வந்தாலும் இப்போது வேண்டாம். ஒருவருக்கு மற்றவர்மேல் பயம் இருக்கும்போது, அந்த அறையில் சொன்ன உண்மைக்கு வெளியே போய் விலை கொடுக்க நேரிடும். தம்பதிகளுக்கான கவுன்சிலிங் இருவரும் பயமில்லாமல் பேச முடிகிற உறவுகளுக்கானது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் தெரபிஸ்ட் இப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிப் பார்க்காமலே விட்டுவிட்டுப் போவது அவருக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் லாபமில்லை.

கனவுகளுக்கு இப்போதே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் கனவு வந்தால், பகல் வெளிச்சத்தில், தெரபிஸ்ட்டோடு உட்கார்ந்து அதன் முடிவை வேறு மாதிரி எழுதி, மாற்றிய கனவைத் தினமும் சில நிமிடம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிற பயிற்சி இருக்கிறது. கேட்க விளையாட்டாக இருக்கும், பலருக்குப் பலன் தருகிறது. நடு ராத்திரி விழித்துக்கொண்டால் படுத்தபடியே போராட வேண்டாம். விளக்கைப் போட்டு, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்கார்ந்து, இன்றைய தேதியையும் நீங்கள் இருக்கும் இடத்தையும் சத்தமாகச் சொல்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். தூக்கம் தொடர்ந்து கெட்டுக்கொண்டிருந்தால் ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். மருந்து எடுத்துக்கொண்டால் தெரபி தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை, இரண்டும் சேர்ந்து போகலாம். மன அழுத்தத்துக்கான மருந்துகள் பிடிக்கவே சில வாரங்கள் ஆகும், டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தவும் கூடாது. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் எந்த நேரத்தில் தலைகாட்டினாலும் அடுத்த செஷன்வரை காத்திருக்காதீர்கள். அன்றே, அப்போதே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி அவசர உதவிக்குப் போங்கள்.

இப்போது அந்த மெசேஜுக்கு வருவோம். இதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் வெட்கப்படுகிறீர்கள், வெட்கப்பட இதில் எதுவுமே இல்லை.

எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகத்தான் உயிர்கள் விடாமல் முயற்சி செய்கின்றன என்பதை 1950-களில் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் கிடைத்தால் அலுத்துவிடும், எப்போதுமே கிடைக்காவிட்டால் விட்டுவிடும். எப்போதாவது கிடைத்தால்தான் விட முடியாது. டட்டன், பெயின்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981-ல் இதையே வதை நிறைந்த உறவுகளுக்குப் பொருத்தி, ஒருவர் கையில் அதிகாரமும், நடுநடுவே நல்ல நடத்தையும் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு சாதாரண அன்பைவிடப் பிடிவாதமாக இறுகும் என்றார்கள். பத்து நாள் மௌனத்துக்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசிய நாளை நினைத்துப் பாருங்கள். அப்போது வந்த நிம்மதி எவ்வளவு பெரிசு! பயத்தைக் கொடுத்தவரும் அவரே, அதைத் தீர்த்தவரும் அவரே. “எப்படி இருக்கே?” என்ற இரண்டு சொல்லைப் பார்த்ததும் வருகிற சந்தோஷம் அந்தப் பழைய நிம்மதியின் மிச்சம். ‘அப்படியானால் எனக்கு இன்னும் காதல் இருக்கிறது’ என்றோ, ‘நான் திருந்தவே மாட்டேன்’ என்றோ அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

இதோடு உண்மையான துக்கமும் கலந்திருக்கும். நல்ல நாட்கள் இருந்திருக்கும்தானே? அவர் ஒருநாள் நல்லபடியாக ஆகிவிடுவார் என்று நம்பி நீங்கள் காத்திருந்த ஒரு மனிதர் இருந்தாரே, அவர் வரவே இல்லை. அந்த இழப்புக்கு யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. தெரபியில் அதற்கும் இடம் கேளுங்கள். அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னால் தெரபிஸ்ட் என்ன நினைப்பாரோ என்று அதையும் ஒளித்துவைத்திருப்பீர்கள் என்பது என் ஊகம்.

மெசேஜை என்ன செய்வது? குழந்தைகள் இல்லை, ஆகவே பேசியே தீர வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பிளாக் செய்வதுதான் சுத்தமான வழி. சட்ட விவகாரம் ஏதாவது மிச்சம் இருந்தால் வக்கீல் மூலம் அல்லது ஈமெயில் மூலம் மட்டும் என்று வைத்துக்கொண்டு, நம்பகமான ஒருவரை முதலில் படிக்கச் சொல்லுங்கள். பிளாக் செய்ய மனம் வரவில்லை என்றால் அதையும் ஒரு குற்றமாக்கிக்கொள்ள வேண்டாம். நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, எந்த மெசேஜுக்கும் மறுநாள் காலைக்கு முன் பதில் போடுவதில்லை என்று வையுங்கள். ராத்திரி அனுப்பத் துடித்த பதிலைக் காலையில் படித்தால் அனுப்பத் தோன்றாது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: மிரட்டல் தொனி வந்தாலோ, வேலை செய்யும் இடத்திலோ வழியிலோ அவர் திடீரென்று வந்து நிற்கத் தொடங்கினாலோ, எதையும் அழிக்காமல் பத்திரப்படுத்தி, வக்கீலிடமும் போலீஸிடமும் போங்கள். அவரை நன்றாகத் தெரிந்தவர் நீங்கள், பயம் எச்சரித்தால் அதை நம்புங்கள்.

எந்த வகைத் தெரபி நல்லது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இணையத்தில் தேடியிருப்பீர்கள். ‘எல்லாம் என்னால்தான்’ என்பது போன்ற முடிவுகளை எடுத்து ஆதாரம் கேட்டு உடைக்கிற சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) முறைகள், 1980-களின் கடைசியில் ஃபிரான்சின் ஷாபிரோ உருவாக்கிய, கண் அசைவோடு நினைவுகளைக் கையாளும் இஎம்டிஆர், இன்னும் சில. மனக்காயத்துக்குப் பிறகான மனஅழுத்தக் கோளாறுக்கு (பிடிஎஸ்டி) 8 முதல் 12 செஷன் என்று பிரிட்டனின் வழிகாட்டுதல் பொதுவாகச் சொல்கிறது, தேவைப்பட்டால் கூடுதலாகவும் போகலாம் என்கிறது. வருடக்கணக்கில் நடந்ததற்கு அந்தக் ‘கூடுதல்’தான் பெரும்பாலும் பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில், நீண்ட நாள் வதைக்குப் பிறகு வருகிற, இந்தக் கோளாறின் சிக்கலான வடிவத்தைத் தனியாகவே சேர்த்திருக்கிறது: உணர்ச்சிகளை அடக்க முடியாமை, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், உறவுகளில் நெருங்க முடியாமை என்று. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் கடிதத்தில் சொல்ல மாட்டேன், நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். முறையின் பெயரைவிட, அவருக்கு இந்த வகைப் பாதிப்பில் பயிற்சி இருக்கிறதா என்று நேராகக் கேட்பது முக்கியம்.

அக்கா விஷயம். “கிளறிக்கிட்டே இருந்தா எப்படி மறக்கும்?” என்பதில் பாதி உண்மை இருக்கிறது. தனியாகப் படுத்துக்கொண்டு ஒரே காட்சியை ஆயிரம் முறை ஓட்டினால் யாருக்கும் குணமாகாது. தெரபி அது இல்லை. ஆனால் இதை அக்காவுக்குப் புரியவைத்தே தீர வேண்டும் என்று மல்லுக்கு நிற்காதீர்கள். ஒருவரை நம்பவைத்தால்தான் என் அனுபவம் உண்மை என்ற பழைய இடத்துக்கே அது கொண்டுபோகும். “அக்கா, அடிச்சாரா இல்லையான்னு இனிமே பேச வேணாம். எனக்குத் தூக்கம் வராத ராத்திரி போன் பண்ணா எடுப்பியா?” என்று கேட்டுப் பாருங்கள். அவளால் செய்ய முடிந்த ஒன்றைக் கேட்டால் செய்வாள். சிலர் அன்பைப் புரிதலாகக் காட்டத் தெரியாமல் வேலையாகக் காட்டுவார்கள்.

பழையபடி ஆவேனா என்று கேட்டீர்கள். கல்யாணத்துக்கு முன் இருந்தவராக ஆக மாட்டீர்கள், அதை வாக்களிக்கிறவரை நம்பவும் வேண்டாம். நான் பார்த்தவரை முன்னேற்றம் ரொம்பச் சாதாரணமாகத்தான் வருகிறது. ஆபீஸில் ஒருவரிடம் “இல்லை, எனக்கு அப்படித் தோன்றவில்லை” என்று சொல்லிவிட்டு, அன்று ராத்திரி அதைப் பற்றி யோசிக்காமல் தூங்கியிருப்பீர்கள். நடுவில் ஒரு பிறந்தநாளோ, ஒரு குரலோ, ஒரு வாசனையோ மறுபடி கீழே தள்ளும். அப்படி விழுந்த பிறகு எழுந்திருக்க ஆகும் நேரம் குறைந்துகொண்டு வருகிறதா என்று பாருங்கள். விழாமல் இருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஆகவே தெரபியை இப்போது நிறுத்த வேண்டாம் என்பது என் ஆலோசனை. உண்மையைச் சொன்ன பிறகு ஆறு அல்லது எட்டு செஷன் கொடுங்கள். முதலிலேயே அவரோடு உட்கார்ந்து, எதைக் குறிவைக்கிறோம், எந்த வரிசையில், சரியாகப் போகிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வோம் என்ற மூன்றையும் பேசி எழுதி வையுங்கள். அந்தத் தவணை முடிந்ததும் அந்தக் காகிதத்தை எடுத்து இருவரும் பாருங்கள். கனவும் அழுகையும் கொஞ்சமும் குறையாமல், நீங்கள் சொன்னதும் அவர் காதில் ஏறாமல் இருந்தால் வேறு ஒருவரைத் தேடலாம். அப்போது இதுவரை நடந்ததன் சுருக்கத்தை எழுதித் தரும்படி இவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.